நூறு டாலருக்கு ஒரு சிவப்பு ஒயின்: எந்த வட்டாரம் எதைத் தருகிறது?

2001-இல் நடந்த திருமணத்தின் 25-ஆம் ஆண்டு நிறைவுக்காக, ஏறத்தாழ 100 அமெரிக்க டாலரில் ஒரேயொரு நல்ல சிவப்பு ஒயின் வாங்க விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். சிங்கப்பூர்க் கடையில் பிரான்சின் போர்தோ, பர்கண்டி, கலிஃபோர்னியாவின் நாபா, இத்தாலியின் பரோலோ, ஸ்பெயினின் ரியோஹா, ஆஸ்திரேலியாவின் பரோசா என்று ஆறு வட்டாரங்களின் பாட்டில்களும் கிட்டத்தட்ட ஒரே விலையில் அடுத்தடுத்து நிற்பதால், எது பணத்துக்குத் தகுந்தது, சுவையில் ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு என்பதே உங்கள் கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் தொகைக்கு என் முதல் தேர்வு ரியோஹாவின் கிரான் ரெசர்வா, அதாவது அங்கே மிக நீண்ட காலம் முதிரவைத்து விற்கும் வகை. அடுத்தது, பரோலோவுக்குப் பக்கத்து வட்டாரமான பார்பரெஸ்கோ. மூன்றாவது, பெரிய பெயர் இல்லாவிட்டாலும் நல்ல ஆண்டில் விளைந்த போர்தோ. நாபாவையும் பர்கண்டியையும் அந்தத் தொகையில் தவிர்த்துவிடலாம் என்பேன். அவை மட்டமானவை என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே 100 டாலர் என்பது வாசற்படி, ரியோஹாவிலோ அது நடுக்கூடம்.

ஒரு பாட்டிலின் விலைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த வரிசை விளங்கும். நகைக்கடை ரசீதில் தங்கத்தின் எடை தனியாகவும், செய்கூலியும் சேதாரமும் தனித்தனியாகவும் எழுதப்பட்டிருக்கும். ஒயினில் எல்லாமே ஒரே எண்ணாகத் திரண்டு வந்துவிடுவதால், எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை. நாபாவையே எடுத்துக்கொள்வோம். அங்கே அண்மை ஆண்டுகளில் ஒரு டன் கேபர்னே சாவினியோன் திராட்சை சராசரியாக 8,000 டாலருக்கு மேல் விற்கிறது. உலகில் மிக விலை உயர்ந்த திராட்சைகளில் அதுவும் ஒன்று. ஒரு டன்னிலிருந்து ஏறத்தாழ 700 பாட்டில் கிடைக்கும் என்று வைத்தால், ஒரு பாட்டிலுக்குத் திராட்சைச் செலவு 11 அல்லது 12 டாலர்தான். 225 லிட்டர் கொள்ளும் பிரெஞ்சு ஓக் பீப்பாய் ஒன்று புதிதாக ஆயிரம் டாலரை ஒட்டி வரும். அதில் 300 பாட்டிலுக்கான ஒயின் அடங்கும் என்பதால் பாட்டிலுக்கு மூன்று டாலருக்குச் சற்று மேல் ஆகிறது. கண்ணாடி, தக்கை, கூலி, நிர்வாகம் எல்லாவற்றையும் தாராளமாகச் சேர்த்தாலும், மிகக் கவனமாகச் செய்யப்படும் ஒயினுக்குக்கூட ஆக்கும் செலவு பெரும்பாலும் 40 டாலரைத் தாண்ட வேண்டிய அவசியமில்லை. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது நிலத்தின் அருமைக்கு, காத்திருந்த காலத்துக்கு, பெயருக்கு. இந்த மூன்றும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பதில்தான் வட்டாரங்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன.

பெயருக்குப் பணம் கொடுப்பது எப்படி என்பதைப் போர்தோ போலக் காட்டும் இடம் வேறில்லை. 1855-இல் பாரிஸில் நடந்த கண்காட்சிக்காக, மூன்றாம் நெப்போலியனின் விருப்பப்படி, போர்தோத் தரகர்கள் ஒரு பட்டியல் போட்டார்கள். மெதோக் பகுதியின் ஷாட்டோக்களை, அதாவது திராட்சைப் பண்ணைகளை, ஐந்து படிகளாக அடுக்கினார்கள். கிராவ் பகுதியிலிருந்து ஓ-பிரியோன் ஒன்று மட்டும் உள்ளே வந்தது. அவர்கள் ஒயினை ருசித்து இந்த வரிசையைத் தீர்மானிக்கவில்லை. அதுவரை சந்தையில் நிலைத்திருந்த விலையைத்தான் அளவுகோலாகக் கொண்டார்கள். லாஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் ஆகிய நான்கும் முதற்படியில் அமர்ந்தன; 1973-இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் படியிலிருந்து ஏறி ஐந்தாவதாகச் சேர்ந்தது. மற்றபடி பட்டியல் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அந்தப் படிநிலை நிலத்துக்கு அல்லாமல் பண்ணையின் பெயருக்கு வழங்கப்பட்டது என்பதால், ஒரு ஷாட்டோ பக்கத்து நிலத்தை வாங்கித் தன்னோடு சேர்த்துக்கொண்டாலும் படி மாறுவதில்லை. 170 ஆண்டுகளுக்கு முந்தைய விலைப்பட்டியல் இன்றைய விலையைத் தாங்கிப் பிடித்திருக்கும் வேடிக்கையை வேறெந்தப் பண்டத்திலும் நான் கண்டதில்லை.

சுவையில் போர்தோ இரண்டாகப் பிரியும். ழிரோந்து முகத்துவாரத்துக்கு இடப்புறம் உள்ள மெதோக்கில் சரளைக்கல் மண். நீர் விரைவாக வடியும், பகல் வெப்பத்தைக் கல் பிடித்து வைத்துக்கொள்ளும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சாவினியோனுக்கு அது ஏற்ற இடம். பிளாக்கரண்ட், தேவதாரு, பென்சில் முனை, புகையிலை என்று மணம் மெல்ல விரியும். இளமையில் துவர்ப்பு ஈறுகளை இறுக்கிப் பிடிக்கும். குளிர்ந்த ஆண்டில் காய் முற்றாமல் போனால் குடைமிளகாய் வாடை தலைகாட்டும். வலப்புறம் சேந்த்-எமிலியோனிலும் பொமரோலிலும் களிமண்ணும் சுண்ணாம்பும். அங்கே மெர்லோ என்ற திராட்சை ஓங்கி நிற்பதால் பிளம் பழத்தின் சதைப்பற்றோடு ஒயின் முன்னதாகவே கனிந்துவிடும். பொமரோலுக்கு இதுவரை எந்தப் படிநிலைப் பட்டியலும் கிடையாது; இருந்தும் ஏறத்தாழ 11 ஹெக்டேர் மட்டுமே உள்ள பெத்ருஸ், முதற்படி ஷாட்டோக்களைவிடப் பல மடங்கு விலைக்குப் போகிறது.

மதிப்பு என்று பார்த்தால், போர்தோவுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அளவு. முதற்படிப் பண்ணைகளே ஆண்டுக்கு ஒரு லட்சம் பாட்டிலுக்கு மேல் செய்யக்கூடியவை என்றால், கீழ்ப்படிகளில் எவ்வளவு கிடைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பாட்டிலில் அடைப்பதற்கு முன்பே, அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில் பீப்பாயில் இருக்கும்போதே முன்விலைக்கு விற்கும் வழக்கம் அங்கே உண்டு. ஒருகாலத்தில் முன்பணம் கட்டியவருக்கு அது லாபமாக இருந்தது. 2009, 2010 ஆகிய புகழ்பெற்ற ஆண்டுகளின் விலை ஏறிய பிறகு அந்தக் கணக்கு பலருக்குப் பொய்த்தது. சீனாவின் தேவையால் 2010-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன லாஃபீத் விலை அடுத்த ஆண்டே சரியத் தொடங்கியது. லத்தூர் 2012-இல், இனி முன்விற்பனையில் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்துவிட்டது. ஆகவே முன்விற்பனையில் இறங்க வேண்டாம். பாட்டிலாகக் கடைக்கு வந்ததை வாங்குங்கள். ஐந்தாம் படியில் இருந்துகொண்டு இரண்டாம் படி விலைக்கு விற்கும் லின்ஷ்-பாஜ் நல்ல ஒயின்தான், உங்கள் தொகையை அது சற்றுத் தாண்டும். அதே ஐந்தாம் படியின் கான்தமெர்லும், பட்டியலிலேயே இல்லாத சொசியாந்தோ-மாலேயும் ஏறத்தாழ அதில் பாதி விலைக்கே கிடைக்கின்றன. ஆண்டு 2016 அல்லது 2019 ஆக இருக்கட்டும். பின்னதன் முன்விற்பனை 2020-இல், பெருந்தொற்றின் நடுவில் நடந்ததால் ஷாட்டோக்கள் விலையைக் குறைத்தே வெளியிட்டன. தரத்தில் அந்த ஆண்டுக்குக் குறைவில்லை.

பர்கண்டியில் கதை தலைகீழ். அங்கே தரப்படி பண்ணைக்கு இல்லை, நிலத்துக்கு. நெப்போலியன் காலத்துச் சட்டப்படி வாரிசுகளுக்கிடையே நிலம் பங்கு பிரிந்து பிரிந்து, க்ளோ த வூஜோ என்ற 50 ஹெக்டேர் தோட்டத்துக்கு இன்று 80 பேரளவில் உரிமையாளர்கள். லேபிளில் ஒரே பெயர். உள்ளே இருப்பது எண்பது பேர் கைப்பக்குவம். நல்ல கை எது என்று அறியாதவர் அந்தப் பெயரை மட்டும் நம்பி வாங்குவது வீண். ரொமானே-கோந்தியோ ஒரே உரிமையாளர் கையில் உள்ள 1.8 ஹெக்டேர், ஆண்டுக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில். அதன் 1945-ஆம் ஆண்டு பாட்டில் ஒன்று 2018-இல் நியூயார்க்கின் சதபீஸ் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. அந்த ஆண்டில் செய்யப்பட்டவை 600 பாட்டில்களே, அறுவடை முடிந்ததும் பழைய கொடிகளையும் பிடுங்கிவிட்டார்கள். பர்கண்டியின் சிவப்பு ஒயினுக்கான பினோ நுவா மெல்லிய தோல் கொண்ட திராட்சை; நிறம் வெளிறியிருக்கும், சிவப்புச் செர்ரியும் மழை நனைத்த இலைச்சருகும் மணக்கும், நல்ல கையில் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் 100 டாலருக்கு உங்களுக்குக் கிடைப்பது ஜெவ்ரே-ஷாம்பெர்த்தேன் போன்ற ஓர் ஊர்ப்பெயர் தாங்கிய, மூன்றாம் தரப்படி ஒயின். அதன் மேல் இரண்டு படிகள் இருக்கின்றன. இரண்டும் உங்கள் தொகைக்கு எட்டாது.

நாபாவின் பெயர் 1976 மே மாதத்தில் எழுந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வணிகர் பாரிஸில் பிரெஞ்சு நடுவர்களைக் கொண்டு நடத்திய, பெயரை மறைத்துச் சுவைக்கும் மறைசுவைப்பில், நாபாவின் ஸ்டாக்ஸ் லீப் ஒயின் செல்லர்ஸின் 1973 கேபர்னே, மூத்தோன் 1970-ஐயும் ஓ-பிரியோன் 1970-ஐயும் பின்னுக்குத் தள்ளி முதலிடம் பெற்றது. கலிஃபோர்னிய ஒயின் இளமையில் கவர்ந்துவிட்டுச் சீக்கிரம் தளர்ந்துவிடும், போர்தோவின் வலிமை வயதில் தெரியும் என்று பிரெஞ்சுத் தரப்பு சமாதானம் சொன்னது. 30 ஆண்டு கழித்து 2006-இல் அதே ஒயின்களைக் கொண்டு மீண்டும் சுவைத்தபோது முதல் ஐந்து இடங்களும் கலிஃபோர்னியாவுக்கே கிடைத்தன. ரிட்ஜ் மான்ட்டே பெல்லோ 1971 முதலில் வந்தது. அது நாபாவில் விளைந்ததே இல்லை, சான்ட்டா குரூஸ் மலையில் விளைந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அந்த வெற்றியின் பலனை இன்று நிலக்காரர்தான் அனுபவிக்கிறார். பள்ளத்தாக்கின் நீளம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கலிஃபோர்னியா ஒயினில் நாபாவின் பங்கு நான்கு சதவீத அளவே. நல்ல இடத்தில் ஓர் ஏக்கர் திராட்சைத் தோட்டம் லட்சக்கணக்கான டாலர். அந்த வட்டியெல்லாம் பாட்டிலில்தான் ஏற வேண்டும். வெயில் நிறைந்த கோடையும், விரிகுடாவிலிருந்து காலையில் ஏறிவரும் மூடுபனியும் சேர்ந்து கேபர்னேயை முழுமையாகப் பழுக்கவைக்கின்றன: ஆல்கஹால் 14.5 சதவீதமோ அதற்கு மேலோ, கனிந்த கறும்பழம், சாக்லேட், புதிய ஓக்கின் வெனிலா. முதல் வாயிலேயே பிடித்துப்போகும் ஒயின் அது. விருந்தினர் பத்துப் பேருக்குப் பரிமாறினால் எட்டுப் பேர் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். எனக்கு இரண்டாவது குவளையில் களைப்பு வந்துவிடும், அது என் ருசி. நூறு டாலருக்குள் நாபாவில் கிடைப்பதில் பெரும்பகுதி, பல தோட்டங்களிலிருந்து வாங்கிய திராட்சையைக் கலந்து ஒரே சுவைக்குக் கொண்டுவந்தது. அது குற்றமில்லை, ஆனால் அந்த விலைக்கு அதில் இடத்தின் முகம் தெரிவதில்லை.

இத்தாலியின் பியெமோந்தேயில் பரோலோவுக்கும் பார்பரெஸ்கோவுக்கும் மூலமான நெபியோலோ திராட்சை, முதன்முறை குடிப்பவரை ஏமாற்றும். குவளையில் ஊற்றினால் அடியில் விரல் தெரியும் அளவுக்கு வெளிறிய, செங்கல் சாயை கலந்த சிவப்பு. லேசான ஒயின் என்று நினைத்து வாயில் வைத்தால் துவர்ப்பும் புளிப்பும் ஒருசேர அடிக்கும். ரோஜா, காய்ந்த செர்ரி, தார் ஆகிய மணங்கள் ஒன்றாக எழுவது இந்தத் திராட்சைக்கே உரியது. பரோலோ 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் என்பது சட்டம். பார்பரெஸ்கோவுக்கு மொத்தம் 26 மாதம். பரோலோவுக்குள்ளேயே மேற்குப் பக்கத்து லா மொர்ராவின் ஒயின் மணமும் மென்மையும் உள்ளது. கிழக்கே செர்ரலுங்காவின் ஒயின் முறுக்கு இளகப் பதினைந்து ஆண்டு கேட்கும். 1980-களில் சிறிய புதிய பீப்பாயா, பாட்டன் காலத்துப் பெரிய பீப்பாயா என்று அப்பனும் மகனும் சண்டையிட்ட ஊர் அது. இப்போது இரு தரப்பும் நடுவில் வந்து நிற்பதால் வெனிலா வாடை மூடிய பரோலோக்கள் குறைந்துவிட்டன.

பரோலோவில் ஜியாகோமோ கொந்தெர்னோவின் மொன்ஃபொர்த்தீனோ போன்ற உச்சங்கள் ஆயிரம் டாலரைக் கடந்தவை. அதே நெபியோலோவைத் தனித் தோட்டத்தின் பெயருடன் நூறு டாலருக்குள் தருவது, ப்ரொதுத்தோரி தெல் பார்பரெஸ்கோ என்ற கூட்டுறவுச் சங்கம். திராட்சைக்கு விலை கிடைக்காமல் உழவர்கள் ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்த நிலையில், 1958-இல் ஊர்ப் பாதிரியார் 19 குடும்பங்களைச் சேர்த்துத் தொடங்கியது அது. நல்ல ஆண்டுகளில் அசீலி, ரபாயா, மொந்தெஸ்தேஃபனோ என ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனி ரிசெர்வாவாக, அதாவது கூடுதல் காலம் முதிரவைத்து, அடைக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் செய்முறை ஒன்றே. ஆகவே இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால், மண் மாறும்போது ஒயின் எப்படி மாறுகிறது என்பது நாக்கிலேயே தெரியும். பர்கண்டியில் இந்தப் பாடத்தைக் கற்க நாலைந்து மடங்கு பணம் வேண்டும். தஸ்கனிக் கடற்கரையின் சாஸிகாயாவையும் கடையில் பார்த்திருப்பீர்கள். 1968-ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து விற்பனைக்கு வந்த அது கேபர்னேயால் செய்யப்பட்டதால், இத்தாலியச் சட்டப்படி பல ஆண்டுகள் சாதாரண மேசை ஒயின் என்ற லேபிளோடு நின்றது. இன்று அது உங்கள் தொகையைப் போல இரு மடங்குக்கு மேல். அந்தக் கூடுதலில் பெரும்பகுதி கதைக்கான விலை.

இனி ரியோஹா. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலோக்ஸெரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் கொடிகளை அழித்தபோது, போர்தோ வணிகர்கள் பிரினீஸ் மலைக்குத் தெற்கே ஒயின் தேடி வந்தார்கள். சிறிய பீப்பாயில் முதிரவைக்கும் போர்தோ முறை இவ்வட்டாரத்தில் வேரூன்றியதில் அந்த வரவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆரோ நகரின் ரயில் நிலையத்தைச் சுற்றி ஒயினகங்கள் எழுந்தன: லோபெஸ் த எரெதியா 1877-இல், குனே 1879-இல், லா ரியோஹா அல்தா 1890-இல். இவை மூன்றும் இன்றும் அதே பேட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இயங்குகின்றன. பீப்பாய்க்கு இவர்கள் பெரிதும் பயன்படுத்தியது அமெரிக்க ஓக். பிரான்சில் பின்னாளில் விட்டுவிட்ட, ஒயினை நெடுங்காலம் பீப்பாயில் வைத்திருக்கும் வழக்கத்தை இவர்கள் விடவேயில்லை.

கிரான் ரெசர்வா என்றால் சட்டப்படி மொத்தம் ஐந்து ஆண்டு முதிர்ச்சி, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு மரத்தில். பழைய ஒயினகங்கள் இதைக் கீழெல்லையாக மட்டுமே கருதுகின்றன. லா ரியோஹா அல்தாவின் 904 என்ற கிரான் ரெசர்வா நான்கு ஆண்டு பீப்பாயில் கிடக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மெழுகுவர்த்தி ஒளியில் வண்டல் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் வடித்து மாற்றுகிறார்கள். பீப்பாய்களைத் தங்கள் தச்சுப் பட்டறையிலேயே செய்துகொள்கிறார்கள். லோபெஸ் த எரெதியா தன் வீன்யா தொந்தோனியா தோட்டத்து ஒயினில், கிரான் ரெசர்வாவுக்கு ஒரு படி கீழான ரெசர்வாவுக்கே ஆறு ஆண்டு பீப்பாய் கொடுக்கிறது. எப்ரோ ஆற்றின் வளைவில் உள்ள அந்தத் தோட்டம் 1913-14-இல் நடப்பட்டது. இவ்வளவு காலம் கிடங்கில் ஒயினை வைத்திருப்பதென்றால் அத்தனை ஆண்டும் முதல் முடங்கிக் கிடக்கிறது என்று பொருள். போர்தோவிலும் நாபாவிலும் அந்த வட்டியையும் குளிர்ந்த கிடங்குக்கான வாடகையையும் வாங்குபவரே சுமக்க வேண்டும். ரியோஹாவில் அதை ஒயினகமே சுமந்து, குடிக்கும் பக்குவத்தில் கையில் தருகிறது. 904 பெரும்பாலான சந்தைகளில் 60 முதல் 80 டாலருக்குள், தொந்தோனியா ரெசர்வா அதையொட்டி.

ஏன் இவ்வளவு மலிவு என்று சந்தேகம் வருவது இயல்பு. ரியோஹாவில் 60,000 ஹெக்டேருக்கு மேல் கொடி இருக்கிறது. அதில் பெருமளவு பேரங்காடிகளில் பத்து டாலருக்கு விற்கும் இளம் ஒயின். ஒரே பெயர் இரண்டு உலகங்களையும் தாங்குவதால் மேல்தட்டின் விலை ஏற முடியாமல் இழுத்துப் பிடிக்கப்படுகிறது. குனேயின் இம்பீரியல் கிரான் ரெசர்வா 2004-ஐ, அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 2013-இல் ஆண்டின் முதல் ஒயினாகத் தேர்ந்தெடுத்தபோதும் அந்த நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. ரியோஹாவுக்கு வெளியே, ரிபேரா தெல் துவேரோவின் வேகா சிசிலியா ஒயினகம் தன் ஊனிகோ ஒயினை அறுவடைக்குப் பத்தாண்டு கழித்துத்தான் வெளியிடுகிறது. பொறுமைக்கான அதே உழைப்பு, ஆனால் அரிய பெயர் என்பதால் விலை பல மடங்கு.

சுவையைச் சொல்லாமல் விலையைப் பேசிப் பயனில்லை. முதிர்ந்த ரியோஹாவில், டெம்ப்ரனியோ என்ற அதன் திராட்சையின் செர்ரிச் சுவை காய்ந்து வற்றியிருக்கும். அமெரிக்க ஓக்கிலிருந்து தேங்காயும் வெனிலாவும், காலத்திலிருந்து தோல், புகையிலை, ஆரஞ்சுத் தோல். துவர்ப்பு கரைந்து பட்டாகியிருக்கும், புளிப்பு மட்டும் நிமிர்ந்து நிற்கும். கறுத்துத் திரண்ட, பழம் பொங்கும் ஒயின்தான் உங்களுக்கு விருப்பம் என்றால் இது மெலிவாகத் தோன்றும். அப்படியானால் என் முதல் தேர்வை ஒதுக்கிவிட்டு பரோசாவுக்குப் போங்கள்.

தென் ஆஸ்திரேலியாவுக்குள் பிலோக்ஸெரா நுழைந்ததில்லை. அதனால் பரோசாவில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. ஐரோப்பாவில் அந்த வயதுக் கொடிகளைக் காண்பது அரிது. பென்ஃபோல்ட்ஸ் நிறுவனத்தின் ஒயின் செய்பவர் மாக்ஸ் ஷூபர்ட் 1950-இல் போர்தோவைப் பார்த்துவிட்டுத் திரும்பி, நெடுநாள் தாங்கும் ஒயினை ஷிராஸில் செய்யலாம் என்று 1951-இல் கிரேஞ்ச் என்ற ஒயினைத் தொடங்கினார். ருசித்தவர்கள் முகம் சுளித்ததால் 1957-இல் நிர்வாகம் நிறுத்தச் சொல்லிவிட்டது. அவரோ 1957, 58, 59 மூன்று ஆண்டும் மறைத்து வைத்துச் செய்தார். முந்தைய ஆண்டுகளின் பாட்டில்கள் முதிர்ந்து அழகானதும் 1960-இல் அனுமதி திரும்பியது. இன்று அது 600 டாலரைத் தாண்டிய ஒயின். அதே நிறுவனம் செயின்ட் ஹென்றி என்றொரு ஷிராஸையும் செய்கிறது. கிரேஞ்ச் முழுக்கப் புதிய அமெரிக்க ஓக். செயின்ட் ஹென்றிக்குப் புதிய மரமே கிடையாது, 1,460 லிட்டர் கொள்ளும் மிகப் பழைய பெரிய பீப்பாய்கள். ஓக்கின் பூச்சு இல்லாமல் திராட்சை வெறுமனே நிற்கும். விலை உங்கள் தொகையை ஒட்டியே இருக்கும். ஷிராஸில் எழும் மிளகு வாசனை கற்பனை இல்லை. ரொட்டன்டோன் என்ற அதே வேதிப்பொருள் கருமிளகிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் கண்டுசொன்னார்கள். அந்த மிளகு தூக்கலாக வேண்டுமானால் வெயில் மிகுந்த பரோசாவைவிட, பிரான்சின் வடக்கு ரோனில் உள்ள கோர்னாஸ் நல்லது.

மற்றவற்றை விரைவாகச் சொல்கிறேன். சிலியின் எடுவார்தோ சாட்விக் 2004-இல் பெர்லினில் நடத்திய மறைசுவைப்பில் அவருடைய வின்யேதோ சாட்விக் 2000 முதலாகவும், சேன்யா 2001 இரண்டாவதாகவும், லாஃபீத் 2000 மூன்றாவதாகவும் வந்தன. அந்தச் செய்திக்குப் பிறகு விலை ஏறிவிட்டதால் பழைய லாபம் இப்போது இல்லை. அர்ஜென்டினாவின் ஊகோ பள்ளத்தாக்கில், ஆயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில் விளையும் மால்பெக் திராட்சையின் ஒயினுக்கு நாற்பது டாலருக்கு மேல் கொடுக்க நான் யோசிப்பேன், ஏனெனில் நாற்பதுக்கே அவ்வளவு நல்லது கிடைத்துவிடுகிறது. தென் ஆப்பிரிக்காவின் ஸ்டெலன்பாஷில் கனோன்கோப் செய்யும் பால் சாவர், போர்தோக் கலவையை விரும்பி, போர்தோவுக்கு விலை கொடுக்க மனமில்லாதவர்களுக்கு ஏற்றது.

எங்கே வாங்குகிறீர்கள் என்பதும் கணக்கை மாற்றும். சிங்கப்பூரில் தீர்வை விலையைப் பார்ப்பதில்லை. தூய ஆல்கஹால் லிட்டருக்கு 88 சிங்கப்பூர் டாலர் என்பதால், 14 சதவீத பாட்டிலுக்கு ஒன்பது டாலர் சொச்சம்தான், அது பத்து டாலர் ஒயினானாலும் ஆயிரம் டாலர் ஒயினானாலும். ஆகவே அங்கே மலிவான ஒயின்தான் நஷ்டம். நல்லதாக வாங்கும்போது தீர்வையின் பங்கு சுருங்கிவிடுகிறது. ஹாங்காங்கில் 2008 முதல் ஒயினுக்குத் தீர்வையே இல்லை. இந்தியாவில் நெடுங்காலம் விலையின் மேல் 150 சதவீதச் சுங்கம் இருந்தது; 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தால் ஆஸ்திரேலிய ஒயினுக்கு அது படிப்படியாக இறங்கத் தொடங்கியது. சென்னையில் வாங்குபவருக்கு நான் தரும் வரிசை வேறாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

திருமண ஆண்டான 2001-ஐயே தேடலாமா என்ற கேள்வியும் உங்கள் கடிதத்தில் இருந்தது. ஆண்டு உங்களுக்குச் சாதகமானது. ரியோஹாவின் ஒழுங்குமுறை வாரியம் 2001-ஐ மிகச் சிறந்த ஆண்டு என்று தரமிட்டது. பியெமோந்தேயிலும் நாபாவிலும் அது நல்ல ஆண்டு. போர்தோவில், ஆரவாரத்தோடு வந்த 2000-க்குப் பின்னால் வந்ததால் நிழலில் விழுந்து, இன்றும் 2000-ஐவிடக் குறைந்த விலைக்குப் போகிறது. ஆனால் 25 ஆண்டு எங்கே, எந்த வெப்பத்தில் கிடந்தது என்பது பாட்டிலின் பெயரைவிட முக்கியம். வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: ஒயினின் மட்டம் கழுத்துக்குக் கீழே, தோள்வரை இறங்கியிருந்தால், அல்லது தக்கை உறையைத் தாண்டிக் கசிந்த கறை இருந்தால் எடுக்காதீர்கள். விற்பவரால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் 2010 அல்லது 2011-இன் கிரான் ரெசர்வா, பழுதான 2001-ஐவிட மேல்.

வாங்கிய பிறகு, விருந்துக்கு முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். முதிர்ந்த ஒயினில் படிந்த வண்டல் அடியில் இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கும். சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும் என்று சொன்னவர்களின் அறை 17 அல்லது 18 டிகிரியில் இருந்தது, உங்கள் அறை 30-இல் இருக்கிறது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். ஆகவே குளிர்பெட்டியில் அரை மணி நேரம் நிமிர்ந்த நிலையிலேயே வைத்து எடுங்கள். பழைய ரியோஹாவை மணிக்கணக்காகத் திறந்து வைக்காதீர்கள், மணம் பறந்துவிடும். இளம் பார்பரெஸ்கோ என்றால் இரண்டு மணி நேரம் முன்பே வாயகன்ற குடுவையில் ஊற்றிவிடலாம். உணவில் மிளகாய்க் காரம் கூடினால் துவர்ப்பும் ஆல்கஹாலின் எரிச்சலும் சேர்ந்து கூடும் என்பதால், கிரான் ரெசர்வாவுக்கு மிளகும் சீரகமும் போட்டு மெல்ல வேகவைத்த ஆட்டிறைச்சி போதும்; மிளகாய் அரைத்த குழம்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊற்றும்போது கடைசி இரண்டு விரல் அளவைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.